ஒண்ணுமில்ல டீச்சரின் தம்பி பார்த்தது

பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒண்ணுமில்ல டீச்சர்'. பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணக்கு வரவில்லை என்று ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, முதல் வரியைத் திரும்பப் படி" என்பாள். கழிவறைக் கதவு தானாகவே சாத்திக்கொள்கிறது, உள்ளே பேய் இருக்கிறது என்று ஒரு வகுப்பே கூடி நின்று நடுங்கியபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கீல் தேஞ்சிருக்கு" என்று ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகிவிட்டுப் போனாள். பேயும் அன்றோடு போயே போய்விட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு அதில் வருத்தம்கூட உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு என்ன பொழுதுபோக்கு இருக்கும், சொல்லுங்கள்? தையலா, தோட்டமா? அதுதான் இல்லை. ராணுவ விமானங்கள் வானத்தில் எடுக்கிற படங்களில் இன்னதென்று தெரியாத ஏதாவது ஒன்று அவ்வப்போது மாட்டும். ராணுவமும் 'அடையாளம் தெரியவில்லை' என்று சொல்லி அதை வெளியே விடும். உடனே டிவிக்காரன் வேற்றுக்கிரகத்துக்காரன் வந்துவிட்டான் என்று தொண்டை கிழியக் கத்துவான். டீச்சரும், வேறு வேறு ஊர்களில் இருக்கிற, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத இன்னும் சிலரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அது என்ன ஏது என்று கண்டுபிடிப்பார்கள். முக்கால்வாசி நேரம் அது பலூனாக இருக்கும். பறவைக் கூட்டமாக இருக்கும். ஃபோகஸ் தப்பின நட்சத்திரமாக இருக்கும்.

அதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு. அந்தப் பொருளை மட்டும் பார்க்கவே மாட்டாள். சுற்றியிருக்கிற மேகத்தைப் பார்ப்பாள், திரையின் மூலையில் ஓடுகிற எண்களைப் பார்ப்பாள், கேமராக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அழுக்கைப் பார்ப்பாள். "அதையே பாத்தா அது நம்மளை மயக்கிடும். அக்கம்பக்கத்தை விசாரிச்சாத்தான் ஆள் யாருன்னு தெரியும்" என்பாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டால் முறைப்பாள்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து வந்ததும், "என்ன டீச்சரம்மா, இன்னிக்கு எத்தனை பேரைத் திரும்ப அவங்க கிரகத்துக்கே அனுப்பி வெச்சே?" என்று கேட்காமல் செருப்பைக் கழற்ற மாட்டார். அவளும் சளைத்தவள் இல்லை. "அதை ஏன் கேக்குறீங்க! கேமராவைப் பாத்தவன் கொட்டாவி விட்டுக்கிட்டே பாத்திருப்பான். பலூனுக்கும் ராக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் வேலைக்கு வந்துட்டான்" என்று ஒரு பாட்டம் ஏசித் தீர்ப்பாள். அந்த ஏச்சு மாடி வரைக்கும் கேட்கும். மாடியில் அவளுடைய தம்பி இருந்தான்.

தம்பி விமானப்படையில் இருந்தவன். இரண்டு பேர் உட்காருகிற விமானம் அது. முன்சீட்டில் ஓட்டுகிறவன், பின்சீட்டில் கேமராவைப் பார்க்கிறவன். இவன் பின்சீட்டு. திடீரென்று ஒரு நாள் அவனை ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அதையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏன் என்று கேட்டதற்கு, "பிடிக்கலக்கா" என்றான். இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறான். வீட்டில் அவன் இருக்கிற இடமே தெரியாது. ஒரே ஒரு பழக்கம்தான் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, "மாமா, அங்க ஒரு லாரி நிக்குதுல்ல?" என்பான். "லாரியா? யானை மாதிரில்ல இருக்கு மாப்ளே" என்பார் வீட்டுக்காரர். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அவர் விளையாட்டை விட்டுவிட்டு, "நிக்குது நிக்குது, மஞ்சள் லாரி" என்று சொல்கிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டான். அதை யாரும் கவனித்ததில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். புதுப் படம் ஒன்று வெளியாகியிருக்கிறது என்று கூட்டாளிகள் தகவல் போட்டிருந்தார்கள். டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா. சாம்பல் நிறத்தில் மேகம், நடுவில் வெள்ளையாக ஒரு நீள உருண்டை. இறக்கை இல்லை, வால் இல்லை. சும்மா மிதந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து, அப்படியே தன்னைத்தானே ஒரு திருப்புத் திருப்பிக்கொண்டது. விமானத்தில் இருந்தவர்களின் பேச்சும் பதிவாகியிருந்தது.

"ஐயோ, அதைப் பாரேன்! திரும்புது பாரு, திரும்புது!" என்றது ஒரு குரல்.

"எங்கடா? எனக்கு எதுவும் தெரியலையே" என்றது இன்னொரு குரல்.

"உனக்கு நேர் எதிர்லதான்டா! நல்லாப் பாரு!"

முதலில் கத்தினது தம்பி என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமோ பயமோ வந்தால், கடைசி எழுத்தில் கீச்சென்று உடைகிற அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்தானே. படத்தை நிறுத்தினாள்.

அவன் வந்த முதல் வாரம் நடந்த ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, வேலையில ஒண்ணு பாத்தேன். அது என்னன்னு..." என்று ஆரம்பித்தான். இவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, நல்லாத் தூங்கி எந்திரி, சரியாயிடும்" என்றாள். அவன் சரிக்கா என்று மாடிக்குப் போனவன்தான், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடக் கடவுளே, என்ன வாய் இது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

மாடிக்கு ஏறினாள். தம்பி துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்தை வெளியில விட்டுட்டாங்கடா" என்றாள்.

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான். அன்றைக்குத் தரையிறங்கினதும் பதிவை எடுத்துப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் எதுவும் பறந்ததாக ராடாரில் இல்லை. முன்சீட்டுக்காரனைக் கேட்டார்கள், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று அவன் உள்ளதைச் சொன்னான். பின்சீட்டுக்காரன் மட்டும், இறக்கை இல்லாத ஒன்று தன்னைத்தானே திருப்பிக்கொண்டது என்றான். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டார். பிறகு ஓய்வெடுத்துக்கொள் என்று ஒரு மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பதிவை ஒரே ஒரு தடவை காட்டுங்கன்னு கெஞ்சினேன்க்கா. காட்டல. நாளாக நாளாக எனக்கே சந்தேகம். திரையில பாத்தேனா, மனசுல பாத்தேனான்னு. இப்பல்லாம் எதைப் பாத்தாலும் யாராவது ஆமாம்னு சொன்னாத்தான் நிம்மதி."

லாரி, யானை என்று சிரித்ததெல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து குத்தியது. "படத்துல இருக்குடா கண்ணா. நானே பாத்தேன். வா, நீயும் வந்து பாரு" என்றாள்.

"இருக்குன்னா அது இன்னும் மோசம்" என்றான் அவன். "முன்சீட்டுக்காரனுக்குக் கழுகுக் கண்ணு. ஊசி பறந்தாலும் சொல்லிடுவான். அவ்வளவு பெரிசா நேர் எதிர்ல இருந்தது அவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? அவனும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அன்னியிலேர்ந்து பேச்சே இல்ல." சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான். "அது என்னன்னு தெரிஞ்சுதுன்னா கூப்பிடு, வந்து பாக்கறேன். தெரியாம என்கிட்ட கொண்டுவராதே. இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

அன்றிலிருந்து டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதே வேலை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வீட்டுக்காரர் அடுப்பைத் துடைத்தார். விஷயம் தெரிந்த பிறகு அவர் கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டார். டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், அந்தப் பொருள் நம்மை வேவு பார்க்க வந்தது என்று ஆணித்தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமாம், இவர்தான் அதுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு" என்று டீச்சர் டிவியை அணைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் வந்தால், கூட்டாளிகளில் ஒருவர் எழுதியிருந்தார்: 'பின்சீட்டுக்காரன் தூக்கத்தில் உளறியிருப்பான்.' அச்சு அசல் அவள் பேச்சு. முன்பெல்லாம் அவளே எழுதியிருக்கக்கூடிய வரி. சண்டை போட விரல் துடித்தது, ஆனால் அது தம்பியின் ரகசியம், இவள் எடுத்து விளம்ப முடியாது. மூடி வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஒரு நாள் விடை கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. வெளியில் நின்றபடியே, "டேய், உங்க விமானம் சாஞ்சு திரும்பியிருக்கு. அதனாலதான் அது திரும்பற மாதிரி தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்!" என்றாள்.

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "விமானம் சாஞ்சா கூடவே மேகமும் சாயுமேக்கா. மேகம் சாஞ்சுதா?"

அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. மேகம் சாயவில்லை. சொல்லப்போனால் அவள் மேகத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள், தம்பி குரலைக் கேட்ட கலக்கத்தில் மற்றவர்களைப் போலவே அந்த வெள்ளை உருண்டையையே வெறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கீழே வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கவே பிடிக்காமல் வாசலில் போய் நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரம். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எண்ணெய்க் கையாலேயே அழுத்தி ஒரு துடை துடைத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடி போட்டவர்களுக்கு இது தெரியும், பிசுக்கு ஒரு பக்கமாக இழுபட்டால் விளக்கைச் சுற்றி நீளமாக ஒரு ஒளிக்கீற்று விழும். விழுந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே மறுபடி துடைக்கக் கழற்றியவள், கண்ணுக்கு முன்னால் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கீற்றும் கூடவே சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். கீற்று இன்னும் சாய்ந்தது. விளக்குக் கம்பம் நேராகத்தான் நின்றது, பக்கத்து வீட்டுச் சுவரும் நேராகத்தான் நின்றது. கார் ஓட்டுகிற மாதிரி கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே நின்றாள்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்தார். "என்னம்மா, தெருவிளக்குக்கே டியூஷனா?"

"ஏங்க, ஒரு நிமிஷம் பேசாம இருங்க, புண்ணியமாப் போகும்!" என்று உள்ளே ஓடினாள்.

இந்தத் தடவை உருண்டையைக் கையால் மறைத்துக்கொண்டு வானத்தை மட்டும் பார்த்தாள். இருந்தது! வானத்தில் அங்கங்கே மங்கலாக, துடைத்த தடம் மாதிரி சில கோடுகள். உருண்டை திரும்புகிற அதே நேரத்தில், அதே அளவு அந்தக் கோடுகளும் திரும்பின. மேகம் மட்டும் அசையவில்லை. வானத்தில் எதுவும் திரும்பவில்லை, கேமராக் கண்ணாடிதான் திரும்பியிருக்கிறது என்பது புரிந்துவிட்டது. கண்ணாடி திரும்பினால் மேகமும் சேர்ந்து அல்லவா திரும்ப வேண்டும்? அது ஏன் நேராக நிற்கிறது? அது அவளுக்குப் புரியவில்லை. புரிந்தவன் மாடியில் இருந்தான்.

மாடிக்குப் போய், கதவைத் தட்டி, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஒரு விஷயம் தெரியலடா. நீ சொல்லிக் குடு. உன் கேமரா எப்படித் திரும்பும்?"

அவன் அவளையே பார்த்தான். அக்கா வாயிலிருந்து எனக்குத் தெரியவில்லை என்ற பேச்சை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வலது கையை நீட்டி முஷ்டியை மடக்கினான்.

"இது இறக்கைக்கு அடியில தொங்கற குழாய்னு வெச்சுக்கோ. இந்த முஷ்டிதான் கேமராவோட தலை. இடது பக்கம் இருக்கறதை இப்படிப் பாக்கும். அது நகர்ந்து நமக்கு நேர் எதிர்ல வருதுன்னா, நேரா அப்படியே தாண்ட முடியாது. தலை ஒரு உருளு உருண்டாத்தான் அந்தப் பக்கம் பாக்க முடியும்." முஷ்டியை மெல்ல உருட்டிக் காட்டினான். பல மாதங்களுக்கப்புறம் அவன் இவ்வளவு நீளமாகப் பேசுகிறான். "தலை உருண்டா படமும் தலைகீழாப் போயிடும்ல? அதனால உள்ள இருக்கற மெஷின் படத்தைத் திருப்பி நேரா நிமிர்த்திடும். பாக்கறவனுக்கு உருண்டதே தெரியாது. மேகம் மேகமாவே நிக்கும்."

"கண்ணாடியில ஒரு கீறலோ பிசுக்கோ இருந்தா? பளிச்சுன்னு ஒரு சூடு அதுல பட்டுக் கீத்தா விழுந்தா?"

"அது மேகத்தோட சேர்ந்தது இல்லையே, அது கண்ணாடியோடது. மெஷின் மேகத்தை நிமிர்த்தும்போது அது மட்டும் சாஞ்சு..."

பாதி உருண்ட முஷ்டியை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அது திரும்பல" என்றான். "என் கேமராதான் திரும்பியிருக்கு."

அவள் எழுந்திருப்பதற்குள் அவன் படியிறங்கிவிட்டான். கம்ப்யூட்டர் முன்னால் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படம் ஓடியது. "திரும்புது பாரு, திரும்புது!" என்று அவனுடைய குரல் கீச்சிட்டபோது உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மூலையில் கேமரா பார்க்கிற கோணம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கத்து எண் குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. சரியாக அந்த இடத்தில் உருண்டை சாய்ந்தது. மறுபடி போட்டுப் பார்த்தான். மறுபடியும் அதே இடம். வீட்டுக்காரர் சைக்கிள் சாவியைக் கையில் வைத்தபடியே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சூடு? அது ஏதோ ஒண்ணு இருந்துச்சுதானே?" என்றான் தம்பி.

"இருந்துச்சு. ரொம்ப தூரத்துல ஒரு விமானம் முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிருக்கும்னு நினைக்கிறேன். எந்த விமானம்னு கேட்டா எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் டீச்சர். "அதோட இன்ஜின் சூடு உன் கேமராவுக்கு இப்படிப் பொங்கித் தெரியும். வெறும் கண்ணுக்கு? அவ்வளவு தூரத்துல ஒரு கடுகுகூடத் தெரியாது. நீ பாத்தது நிஜம்டா. உன் ஃப்ரெண்டு பாக்காததும் நிஜம்."

தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. டீச்சர் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுடா. அன்னிக்கு நீ சொல்ல வந்தப்ப நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும்" என்றாள். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், யார் குடிப்பது என்று தெரியாமல் கடைசியில் தானே குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். ஃபோனை எடுத்து முன்சீட்டுக்காரனின் நம்பரைத் தேடினான். அழிக்காமல் வைத்திருந்திருக்கிறான். கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை, அவனே கூப்பிட்டான். நெடுநேரம் மணி அடித்தது. டீச்சருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"நான்தான்டா" என்றான்.

"படம் வெளியில வந்துடுச்சு, பாத்தேன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அவ்வளவு பெரிசா இருந்திருக்குடா. நேர் எதிர்லயே இருந்திருக்கு. நீ கத்தக் கத்த எனக்குத் தெரியவே இல்லையேடா."

"டேய், அதைச் சொல்லத்தான்..."

"நான் ஓட்டறதை விட்டுட்டேன்டா. நீ பொய் சொல்ற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். நீ இருக்குன்னு சொன்னா அது இருக்கு. அப்ப எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு அர்த்தம். எத்தனை டாக்டரைப் பாத்துட்டேன் தெரியுமா? நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் எப்படி நம்பறது? என் பிள்ளையை ஸ்கூட்டர்ல ஏத்தக்கூட பயமா இருக்குடா. எதிர்ல வர்றது எனக்குத் தெரியாமப் போயிட்டா என்ன பண்றது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். ஃபோனை அவள் கையில் கொடுத்தான்.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, நான் இவனோட அக்கா பேசறேன். உங்க கண்ணு ரெண்டும் தங்கமான கண்ணு. அன்னிக்கு அதை யாராலயும் வெறும் கண்ணால பாத்திருக்க முடியாது. ஏன்னு மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. வகுப்பில் ஒரு வினாடிகூடப் பொறுக்காதவள் ஃபோனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா அழுதுட்டு வாப்பா" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."